கூரா இருந்தா போதுமா?

"முனை கூரா இருந்தா எந்த அம்பும் எதையும் சாய்க்கும்" - வில் வேட்டைக்குப் புதுசா வர்ற நண்பர்கள் உதிர்க்கும் பொன்மொழி இது. சுத்த அபத்தம் மக்களே!

இங்க அமெரிக்காவுல நானும் முதல் வருசம் பயிற்சிக்கு வச்சிருந்த ஃபீல்டு பாயிண்ட்டோடயே சாம்பல் அணில் வேட்டைக்குப் போனேன். அம்பு ஊசி மாதிரி நுழைஞ்சு மறுபக்கம் போயிடுச்சு. அணில் மரப்பொந்துக்குள்ள ஓடிடுச்சு. உள்ளேயே கிடந்து துடிச்சிருக்கும். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை.

அணில், முயலுக்கெல்லாம் வேண்டியது துளை இல்லை, அடி. அதைக் கொடுப்பது மழுங்கின முனைதான். பெரிய செலவும் இல்லை. சுட்டு முடிச்ச .38 ஸ்பெஷல் தோட்டாவோட காலிக்கூட்டை மரத்தண்டு நுனியில பசை வச்சு மாட்டினா தீர்ந்தது வேலை. முனையோட எடை மாறும். அதனால அதை வச்சே குறி பழகணும். புல்லுக்குள்ள அம்பு தொலையுதா? கம்பிக்கால் வச்ச ஜூடோ முனை போடுங்க, புல்லுல மாட்டி நின்னுடும்.

உடனே "அப்ப வான்கோழிக்கும் மழுங்கலா?"ன்னு கிளம்பிடாதீங்க சாமி! அதுக்கு உடம்பு பெருசு, இறகு தடிப்பு, உயிர்நிலையோ சின்னது. சவரக்கத்தி மாதிரி தீட்டின பிராட்ஹெட்தான் சரி. சில மாநிலங்களில் வெட்டு அகலம் 7/8 அங்குலமாவது இருக்கணும்னு சட்டமே இருக்கு.

இரைக்கேத்த அம்பு எடுத்துட்டுப் போகச் சோம்பேறித்தனமா? வில்லை ஆணியில மாட்டிட்டு கடையில கோழி வாங்கித் தின்னுங்க. புண்ணியமாப் போகும்!