பிள்ளையின் பசிக்கு யார் பொறுப்பு?

“இந்தக் காலத்துத் தாய்மார்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள். பெற்ற பிள்ளைக்குக் காலையில் நாலு இட்லி கொடுக்க முடியவில்லை. அதனால்தான் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்ட வேண்டியிருக்கிறது!”

டீக்கடை பெஞ்சில் ஒருவர் இப்படிப் பேசியதைக் கேட்டேன். பேசியவர் மில் முதலாளியல்ல, மிராசுதாரும் அல்ல. நம்மைப் போல உழைத்துப் பிழைக்கிறவர்தான். முதலாளி சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நம்மில் ஒருவர் சொல்லும்போது பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் வட்டாரத்தில் நூல் மில்லில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் இருக்கிறார். கணவர் சுமை தூக்கும் தொழிலாளி. மகள் ஏழாம் வகுப்பு. மகன் நாலாம் வகுப்பு. பகல் ஷிப்டு வாரத்தில் இந்தச் சகோதரி நாலரை மணிக்கு எழுகிறார். குழாயில் தண்ணீர் வரும் நாளென்றால் நாலு மணிக்கே எழ வேண்டும். உலை வைத்து, சோறு வடித்து, ஒரு குழம்பு கூட்டி, தூக்குப்போசியில் அடைத்து முடிப்பதற்குள் ஆறேமுக்கால். தெருமுனையில் மில் வேன் வந்து நிற்கிறது. வேன் போனால் அன்றையக் கூலியும் போயிற்று! பிள்ளைகள் அப்போதுதான் கண் விழிக்கிறார்கள். “தம்பியைச் சாப்பிட வை, கண்ணு” என்று மகளிடம் சொல்லிவிட்டு ஓடுகிறார். தம்பியைக் குளிப்பாட்டி, தலை வாரி, பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூட நேரம் வந்துவிடுகிறது. அவள் சாப்பிட்டாளா என்று கேட்க யாரும் இல்லை.

அரை நைட் வாரம் இன்னும் மோசம். இரவு ஒன்றரை மணிக்கு வந்து படுத்தவர் காலையில் எழுந்து சமைக்கிறார். மாலை மூன்று மணிக்கு மறுபடியும் வேன். நாலரை மணிக்குப் பசியோடு ஓடி வரும் பிள்ளைகளை வரவேற்பது பூட்டிய கதவு. சாவி பக்கத்து வீட்டில். காலையில் வடித்த சோறு மிச்சமிருந்தால் உண்டு. இல்லையேல் தாய் வைத்துவிட்டுப் போன பத்து ரூபாய்க்குக் கடைப் பன்.

இவரா சோம்பேறி?

விவசாயக் கூலிப் பெண்ணின் கதையும் வேறல்ல. நடவுக்கும் களைக்கும் வெயில் ஏறுவதற்குள் வயலில் இறங்க வேண்டும். என் தாய் அப்படிப் போனவர்தான். “பானையில் பழையது இருக்குடா” என்று சொல்லிவிட்டுப் போவார். சில நாள் பானையில் நீராகாரம் மட்டுமே இருக்கும். என்னைப் பள்ளிக்கூடத்திற்கு இழுத்தது முதலில் எழுத்தல்ல, சத்துணவுத் தட்டு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தத் தட்டை ஏந்தித்தான் பத்தாம் வகுப்புத் தேறினேன்.

இந்தத் தட்டு சோம்பேறிகளுக்காக வந்ததல்ல. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதைக் கண்டறிந்து, 1920இல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி கொடுத்தது. 1956இல் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது மதிய உணவு வந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு தொடங்கியது. முதலில் சிறு பிள்ளைகளுக்கு மட்டும் என்றார்கள். 1984இல் 15 வயது வரை நீட்டினார்கள். சமைத்த உணவே கொடுக்க வேண்டும் என்று 2001 நவம்பர் 28 அன்று சுப்ரீம் கோர்ட் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது; 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது.

நாலாம் வகுப்புத் தம்பிக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் திட்டத்தைத் தொடங்கியபோது ஐந்தாம் வகுப்போடு கோடு போட்டார்கள். ஆறாம் வகுப்புக்குப் போனால் பசி நின்றுவிடுமா? தம்பியைச் சாப்பிட அனுப்பிவிட்டு வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரும் அக்காவை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 1984இல் நீட்ட முடிந்தது போல இதையும் கடைசி வகுப்பு வரை நீட்ட வேண்டும் என்பதே நியாயம்.

“சோற்றைப் போட்டு வாயை அடைக்கிறார்கள், கூலியை அல்லவா கேட்க வேண்டும்?” என்று சில தோழர்கள் கேட்கலாம். கூலியையும் கேட்போம், சோற்றையும் கேட்போம். ஒன்று கிடைத்தால் மற்றது வேண்டாம் என்று சொல்ல நாம் ஏமாளிகளல்ல.

1957இல் 15வது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு கணக்கு வகுத்தது. ஒரு தொழிலாளியின் கூலி அவர் குடும்பத்தின் மூன்று நுகர்வு அலகுகளுக்குப் போதுமான உணவைத் தர வேண்டும்; மனைவி மக்களின் சம்பாத்தியத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது. அதாவது ஒருவர் கூலியில் குடும்பம் வயிறார உண்ண வேண்டும்! பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம் போன்றவற்றுக்கு மேலும் 25 சதவிகிதம் வேண்டும் என்று 1991இல் சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது. அந்தக் கூலி உங்கள் வீட்டில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? இருவர் உழைத்தும் உலை கொதிக்கத் திண்டாடுகிறதே, அந்த மிச்சம் எங்கே போகிறது? பிள்ளையின் காலைச் சோறு யார் லாபத்தில் கரைகிறது?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் அந்தச் சோற்றைச் சமைப்பவரும் ஒரு தாய்தான். நம் பிள்ளைக்குப் பரிமாறிவிட்டுத் தன் பிள்ளையை நினைத்துக்கொண்டு நிற்கிறார். சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியம் கேட்டுப் பல முறை வீதிக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் வரும்போது நாம் பக்கத்தில் நிற்க வேண்டாமா?

எல்லாப் பிள்ளைகளுக்கும் காலைச் சோறு. வேலையிலிருந்து தாய் திரும்பும் வரை பள்ளியிலேயே மாலைச் சிற்றுண்டி. குடும்பத்தைக் காக்கும் கூலி. சமைக்கும் கைகளுக்கு நிலையான சம்பளம். இவை நான்கும் ஒரே கோரிக்கைதான்.

அடுத்த முறை டீக்கடையில் யாராவது தாய்மார்களைச் சோம்பேறி என்றால், தோழர்களே, சண்டைக்குப் போகாதீர்கள். நாளைக் காலை நாலு மணிக்கு எழுந்து நம் தெருவில் எந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.