வேலை நேரமும் ஒப்பந்தமே

சம்பளத்தில் நூறு ரூபாய் குறைந்தால் தொழிலாளி உடனே கேட்கிறார். பகல் ஷிப்டு திடீரென்று இரவு ஷிப்டாக மாறினால் மட்டும் பேசாமல் இருந்துவிடுகிறார். வேலை நேரம் முழுக்க முழுக்க நிர்வாகத்தின் விருப்பம் என்ற எண்ணமே இதற்குக் காரணம். இந்த எண்ணம் சரியல்ல.

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டை போன்ற இடங்களில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதனால் நேரும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. கணவருக்கு லேத் பட்டறை, மனைவிக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலை என்றிருக்கும் வீட்டில், ஒருவருடைய ஷிப்டு மாறினால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பாட்டியும் அத்தையும் ஊரில் இருக்கிறார்கள். பொங்கலுக்கு ஊர் செல்ல 60 நாட்களுக்கு முன்பே ரயிலில் இடம் பதிவு செய்ய வேண்டும். அடுத்த வார ஷிப்டு எது என்பதோ சனிக்கிழமை மாலைதான் தெரிகிறது.

சட்டம் இதைக் கவனியாமல் இல்லை. வேலை நேரம், இடைவேளை, ஷிப்டு முறை ஆகியவற்றை மாற்றுவதானால் முன்னறிவிப்பு தர வேண்டும், 21 நாட்கள் கழியுமுன் மாற்றக்கூடாது என்று 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் விதித்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் இந்த 21 நாள் விதியைக் காப்பாற்றியிருக்கிறது. குமாஸ்தாக்களுக்கும் இது பொருந்தும்.

விதிவிலக்குகளும் உண்டு. நிலையாணைகளில் கண்டபடி ஷிப்டு மாறினால் முன்னறிவிப்பு தேவையில்லை. அவசர நிலையில், குறைதீர்ப்புக் குழுவைக் கலந்து மாற்றலாம். இயந்திரம் பழுதாவதும், அவசர ஆர்டர் வருவதும் சகஜம் என்பதால் இதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அவசரமே அன்றாட வழக்கமாகிவிடக் கூடாது.

கவலைக்குரிய அம்சம் வேறொன்று. 300 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்குப் புதிய சட்டப்படி நிலையாணைகள் கட்டாயமில்லை. சிறு பட்டறைகளில் உள்ளவர்களுக்கு இனி நியமனக் கடிதமே பெரும் ஆதாரம். "நிர்வாகம் கூறும் எந்த நேரத்திலும் பணிபுரியச் சம்மதிக்கிறேன்" என்ற ஒரே வரி அந்தக் கடிதத்தில் இருந்துவிட்டால், பின்னர் வாதாடுவது கடினம்.

நியமனக் கடிதம் தருவது இப்போது கட்டாயமாக்கப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. எத்தனை ஷிப்டு, எத்தனை நாளுக்கொரு முறை மாறும், எத்தனை நாள் முன்பு தெரிவிக்கப்படும் என்பனவும் அதில் இடம்பெற மாநில அரசுகள் ஆவன செய்ய வேண்டும். தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் அது இருப்பதும் அவசியம். தொழிற்சங்கங்கள் போனசுக்குக் காட்டும் அக்கறையை இதிலும் காட்ட வேண்டும். தொழிலாளர்களும் கடிதத்தைப் படிக்காமல், படிக்கத் தெரிந்தவரைக் கேட்காமல் கையெழுத்திடலாகாது.

கூலி குறைந்தால் மிகுதி வேலை செய்து ஈடுகட்டலாம். போன இரவை எப்படி ஈடுகட்டுவது?