காலி விட்ட கையெழுத்து!



பல நாட்டுத் தலைவர்களும், அமைச்சர்களும், அதிகாரிகளும் கூடும் மாநாடுகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வரிசையாகக் கார்கள், வண்ண வண்ணக் கொடிகள், கைகுலுக்கல், குரூப் போட்டோ... 'வந்தார்கள், பேசினார்கள், போனார்கள். இதில் என்ன கஷ்டம்?' என்று தோன்றும். மேடைக்குப் பின்னால் நடக்கும் வேலை இருக்கிறதே, அது கொஞ்சநஞ்சமல்ல!

1945ம் ஆண்டு நடந்த ஒரு மாநாட்டைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

அப்போது இரண்டாம் உலகப் போர் ஓயவில்லை. இனி இப்படி ஒரு போர் வரக் கூடாது, அதற்காக உலக நாடுகள் சேர்ந்து ஒரு சபை அமைக்க வேண்டும் என்று, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் மாநாடு கூட்ட ஏற்பாடு நடந்தது. தொடங்க 13 நாட்களே இருந்தபோது, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் காலமானார். புதிய அதிபர் ட்ரூமன் மாநாட்டைத் தள்ளிப் போடவில்லை. குறித்தபடி ஏப்ரல் 25ல் தொடங்கியது.

வந்தவை 50 நாடுகள். பிரதிநிதிகள் 850 பேர். ஆலோசகர்கள், ஊழியர்களையும் சேர்த்தால் 3,500 பேர். செய்தி சேகரிக்க வந்தவர்கள் தனி! அலுவல் மொழிகள் ஐந்து. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிய வேண்டுமே? மொழிபெயர்ப்பாளர்கள் ஓயாமல் உழைத்தனர். தினமும் சராசரியாக ஐந்து லட்சம் தாள்கள் தயாராகின.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், யார் தலைமை தாங்குவது என்பது. அழைப்பு விடுத்த நாடுகள் நான்கு: அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் ரஷ்யா, சீனா. கடைசியில், நீங்கள் கிரிக்கெட் ஆடும்போது செய்வீர்களே, அதுபோல முறை வைத்துக்கொண்டார்கள்!

வேலையை 12 குழுக்களாகப் பிரித்தார்கள். பொருளாதார, சமூக விஷயங்களை ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? சென்னையில் படித்து வழக்கறிஞரான ஏ.ராமசாமி முதலியார்! நம் நாடு அப்போது சுதந்திரம் பெறவில்லை. ஆனாலும் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார்.

சிறிய நாடுகளும் வாய் மூடி இருக்கவில்லை. 'ஐந்து பெரிய நாடுகளுக்கு மட்டும் முடிவைத் தடுக்கும் வீட்டோ அதிகாரம் எதற்கு?' என்று வாதாடின. அதில் அவற்றால் வெல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி இன்றும் தீரவில்லை. ஆனாலும், அவை சொன்ன வேறு பல திருத்தங்கள் ஏற்கப்பட்டன.

ஜூன் 25ல் வாக்கெடுப்பு. கை தூக்கச் சொல்லவில்லை. 'ஆதரிப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்' என்றார்கள். அத்தனை நாடுகளும் எழுந்து நின்றன! மறுநாள் கையெழுத்து. ஐக்கிய நாடுகள் சபை பிறக்க வழி பிறந்தது.

புதிய அரசு அமையத் தாமதமானதால் போலந்து நாடு மாநாட்டுக்கு வர முடியவில்லை. 'வராதவர்களுக்கு என்ன இடம்?' என்று விட்டுவிடவில்லை. அதன் கையெழுத்துக்காக இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார்கள். அக்டோபரில் போலந்து கையெழுத்திட்டது.

குழந்தைகளே! மாநாட்டுக்கு அழகு தோரணமும் விளக்கும் அல்ல. எல்லாருக்கும் பேச முறை, எல்லாருக்கும் புரியும் மொழி, வராதவருக்கும் ஓர் இடம், இவைதான் அழகு. இவை தாமாக நடக்காது. யாரோ முன்கூட்டியே யோசித்து உழைத்தால்தான் நடக்கும்.

உங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குத் திட்டமிடும்போது, மேடைக்கு எந்த நிறத் துணி என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில், கடைசி பெஞ்சில் பேசாமல் இருக்கும் நண்பனைக் கேளுங்கள். காய்ச்சலால் அன்று வராத தோழிக்கும் ஒரு வேலை ஒதுக்கி வையுங்கள். அவர்களும் சேர்ந்தால்தானே அது உங்கள் எல்லாருடைய விழா?

செய்வீர்கள்தானே, செல்லங்களே!