பீப்பாயில் அனுப்ப முடியாத பாசம்

பிள்ளைகளின் எதிர்காலத்திற்காகவே பிள்ளைகளைப் பிரிந்து சென்ற பெற்றோரின் கதை எந்தப் புலம்பெயர் சமூகத்திற்கும் புதியதன்று. ஆயினும் அக்கதையை ஒளிவுமறைவின்றித் திரையில் பேசிய சமூகங்கள் சிலவே. பிரித்தானியாவிலும் கனடாவிலும் வாழும் கரிபியன் மக்களின் சுயாதீனத் திரைப்படங்கள் அரை நூற்றாண்டாக அப்பணியைச் செய்து வருகின்றன.

இப்பிரிவுக்குப் பெற்றோரின் கல்மனமே காரணம் எனக் கருதுவது தவறாகும். 1955 முதல் 1967 வரை கனடா நடைமுறைப்படுத்திய மேற்கிந்திய வீட்டுப் பணிப்பெண்கள் திட்டம், மணமாகாத, பிள்ளைகளற்ற இளம் பெண்களையே ஏற்றுக்கொண்டது. எனவே தாய்மார் சிலர் தம் பிள்ளைகளை மறைத்தே நாட்டுக்குள் நுழைந்தனர். 1970களின் பிற்பகுதியில், விண்ணப்பத்தில் பிள்ளைகளைக் குறிப்பிடவில்லை என்பதற்காக யமேக்கத் தாய்மார் எழுவருக்கு நாடுகடத்தல் ஆணை பிறப்பிக்கப்பட்டது. பெரும் போராட்டத்தின் பின்னரே, 1979இல், அவர்களுக்கு வழி பிறந்தது.

ஊரில் விடப்பட்ட பிள்ளைகள் பாட்டியிடமோ சின்னம்மாவிடமோ வளர்ந்தனர். உடுப்பு, சப்பாத்து, உணவுப் பொருட்கள் நிரப்பிய பெரும் பீப்பாய்கள் கப்பலில் வந்தன, பெற்றோர் வரவில்லை. இவர்களையே யமேக்க ஆய்வாளர் குளோடெற் குரோபோர்ட் பிரவுண் 'பீப்பாய்ப் பிள்ளைகள்' என அழைத்தார். பார்படோஸைச் சேர்ந்த லீசா ஹேர்வுட்டின் 'ஆன்ரி' (2013) எனும் குறும்படம், இங்கிலாந்திலுள்ள தாயிடம் செல்லவிருக்கும் சிறுமியையும் அவளை வளர்த்த பெண்ணையும் பற்றியது. பெற்ற தாயுடன் இணைவது, வளர்த்த தாயை இழப்பதுமாகும். விமான நிலையத்தில் தாயை அணைக்கத் தயங்கும் பிள்ளை நன்றி மறந்த பிள்ளையன்று. இன்னொருவரைப் பிரிந்த துயரில் நிற்கும் பிள்ளை.

சேர்ந்து வாழ்வதால் மட்டும் இடைவெளி மறைவதில்லை. பிரித்தானியாவில் கறுப்பின இயக்குநர் ஒருவரின் முதலாவது முழுநீளக் கதைப்படமான 'பிரெஷர்' 1970களின் நடுப்பகுதியில் உருவானது. இயக்குநர் ஹொரேஸ் ஓவே. அவருடன் திரைக்கதையை எழுதியவர் சாமுவேல் செல்வொன். திரினிடாட்டில் பிறந்த இவ்வெழுத்தாளரின் தந்தை மதராசிலிருந்து குடியேறியவர் என்பது குறிப்பிடத்தக்கது. படத்தில் மூத்த மகன் கொலின் திரினிடாட்டில் பிறந்தவன். இளையவன் டோனி இலண்டனில் பிறந்தவன். அடங்கி ஒழுகினால் மதிப்புக் கிட்டும் என்பது பெற்றோரின் நம்பிக்கை. படித்த டோனிக்கு வேலை மறுக்கப்படுகிறது. காவல்துறையினர் வீட்டைச் சோதனையிடுகின்றனர். பெற்றோர் பொறுத்துக்கொண்ட அவமதிப்பு பிள்ளையின் வாசலுக்கும் வந்துசேர்கிறது.

கிளெமென்ற் வேர்கோ இயக்கிய 'பிரதர்' (2022), டேவிட் சாரியாண்டியின் நாவலைத் தழுவியது. இன்று தமிழர் பெருமளவில் வாழும் ரொறன்ரோவின் ஸ்காபுறோவே இதன் களம். தந்தையற்ற வீட்டில் தாய் ரூத் இரவு வேலை செய்து இரு மகன்மாரை வளர்க்கிறாள். மூத்தவனை இழந்த பின்னர், தாயும் இளையவனும் ஒரே கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கில் பேச்சற்று வாழ்கின்றனர்.

தமிழ்க் குடும்பங்களுக்கும் இது அந்நியமான கதையன்று. முன்னே சென்ற தந்தை அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருக்க, புகைப்படத்தில் மட்டும் கண்டு வளர்ந்த பிள்ளை பின்னாளில் அவரை அந்நியராகவே எதிர்கொண்டதுண்டு. பெற்றோர் தம் தியாகத்தை அனுப்பிய பணத்தில் கணக்கிடுகின்றனர். பிள்ளைகளோ அருகில் இல்லாத நாட்களில் கணக்கிடுகின்றனர். இரு கணக்குகளும் உண்மையே.

பிரித்தது வறுமையும் சட்டமும் போரும். பிரிவை நீடிக்கச் செய்வது மௌனம். "உனக்காகத்தானே பாடுபட்டோம்" எனும் சொல் பிள்ளையின் வாயை அடைக்குமே தவிர மனத்தைத் திறக்காது. ஏன் பிரிந்தோம், எத்தனை முறை மறுக்கப்பட்டோம், எதற்கு அஞ்சினோம் என்பவற்றைப் பெற்றோர் சொல்ல வேண்டும். தீர்ப்புக் கூறுமுன் இளையோர் கேட்க வேண்டும். எப்படித் தொடங்குவது எனத் தயங்கும் குடும்பங்கள் இப்படங்களுள் ஒன்றையாவது சேர்ந்திருந்து பார்க்கட்டும். வேறொருவர் வீட்டுக் கதையிலிருந்து தம் வீட்டுக் கதையைப் பேசத் தொடங்குவது எளிது.