இறகின் விலை

பழங்காலப் பாணி அணிகலன்கள் மீண்டும் விரும்பப்படுகின்றன. கொண்டை ஊசியிலும் கைப்பையிலும் இறகு பதித்துக் கைவேலை செய்யும் நம் இல்லத்துப் பெண்கள், ஒரு பழைய துயரத்தையும் அறிந்திருத்தல் நலம்.

தாம்பரத்தை அடுத்துள்ள பள்ளிக்கரணைச் சதுப்பில் வெண்கொக்குகளைக் கண்டிருப்பீர்கள். கூடு கட்டும் பருவத்தில் மட்டுமே அவற்றின் முதுகில் மெல்லிய தூவிகள் நீண்டு வளரும். நூறாண்டுகளுக்கும் முன்னர், ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிகளை அலங்கரிக்க அத்தூவிகளுக்காகவே கொக்குகள் வேட்டையாடப்பட்டன. தாய் மடிந்ததும், கூட்டிலிருந்த குஞ்சுகள் பசியால் மாண்டன. 1902இல் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. இறக்குமதியைத் தடுக்கும் சட்டத்தைப் பிரிட்டன் 1921இல்தான் இயற்றியது.

ஆகவே, காட்டுப் பறவைகளின் இறகுகளை வாங்காதீர்கள். வீட்டுக் கோழியும் வாத்தும் உதிர்ப்பவையே போதும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்திப் பயன்படுத்துங்கள். ஓர் உயிரை வதைத்து வரும் அழகு நமக்கு வேண்டாமே!