கரிசலும் வெடி ஆபீசும்

முதல் வருஷம் ஹாஸ்டலில் தஞ்சாவூர்ப் பையன் ஒருவன் கேட்டான்: "உங்க பக்கம் தண்ணி ஓடுற ஆறே கிடையாதாடா? அப்ப என்னதான் இருக்கு?" காரியாபட்டி பஸ் ஜன்னலில் தெரிந்தது வெயிலும் சீமைக்கருவேலமும்தான். பேசாமல் சிரித்து வைத்தேன்.

இப்போது கேட்டால் கி.ரா.வைக் கையில் கொடுத்திருப்பேன். இடைசெவல் என்ற சின்ன ஊரில் விவசாயம் பார்த்தவர், மழைக்காக வானத்தைப் பார்த்துக் கிடக்கும் சம்சாரிகளை 'கோபல்ல கிராமம்' (1976) ஆக்கினார். 1982-ல் கரிசல் சொற்களுக்கு ஒரு அகராதியே போட்டார். நாம் பேசினால் மற்றவர்கள் சிரிக்கிற அதே பேச்சுக்கு! கஷ்டத்தைச் சொல்லும்போதே ஒரு நக்கலும் சேர்ந்து வருமே, அது நம்ம ஊர்க் குணம் என்று எனக்குப் புரிந்தது அவரைப் படித்த பிறகுதான்.

ஆனால் மண் மட்டுமே ஒரு ஊரின் முகம் ஆகிவிடாது. அந்த மண்ணில் யார் எந்த வேலை செய்கிறார் என்பதும் சேரவேண்டும். பூமணியின் 'பிறகு' (1979) அதே கரிசல்தான். ஆனால் கதை நடப்பது செருப்புத் தைக்கும் அழகிரியின் குடிசைப் பக்கம். அங்கிருந்து பார்த்தால் ஊர் வேறு மாதிரித் தெரிகிறது.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதை. ஹென்றி லாசன் 1892-ல் 'தி ட்ரோவர்ஸ் வைஃப்' எழுதினார். புருஷன் செம்மறி ஆடு ஓட்டிப் போய்விட, காட்டுக் குடிசையில் பிள்ளைகளைக் காத்து, பாம்புக்காக ராத்திரி முழுக்க விழித்திருக்கும் பெண்ணின் கதை. அந்த வறண்ட காடும் உழைப்பாளியின் பிடிவாதமும்தான் 'நாங்கள் யார்' என்பதற்கு அந்த நாட்டின் பதிலாயிற்று. ஜனங்களில் பெரும்பாலோர் இருப்பதோ கடற்கரை நகரங்களில்! அந்த நிலத்துக்கு முதல் சொந்தக்காரர்களான பழங்குடிகளுக்கு இந்தக் கதைகளில் கிடைத்தது ஓரமான இடம்தான்.

நம் கதைகளில் ஓரத்தில் இருப்பது யார்? என் அம்மா என்பேன். சின்ன வயசில் தீப்பெட்டி ஆபீஸ், இப்போது வெடி ஆபீசில் சரம் பின்னுகிறார். தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' (2008-ல் 'பூ' படமானது), பூமணி எடுத்த 'கருவேலம்பூக்கள்' படம் என்று சில உண்டு. ஆனால் இத்தனை ஆயிரம் பேர் உழைக்கும் வட்டாரத்துக்கு அது போதுமா? விபத்து நடந்தால் செய்தியில் எண்ணிக்கை வரும். எட்டு மணி பஸ்ஸில் நடக்கும் சண்டையும், தூக்குவாளிக் குழம்பைப் பங்கு போடுவதும், சம்பள நாள் கணக்கும் எந்தச் செய்தியிலும் வராது.

நம்ம மாவட்டத்து மேலாண்மை பொன்னுச்சாமி அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கிராமத்தில் கடை வைத்துக்கொண்டே எழுதி, 2007-ல் சாகித்ய அகாதமி வாங்கினார். பி.இ. படிக்கிற நமக்கு என்ன தடை? வெட்கம்தான். காலேஜ் ஃபாரத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் நான் 'ஹவுஸ் வைஃப்' என்று எழுதியவன்.

போன லீவில் அம்மாவைப் பற்றி நாலு பக்கம் எழுதி வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "சரம் பின்னுறதைத் தலைகீழா எழுதியிருக்கியேடா" என்றார். திருத்திக்கொண்டிருக்கிறேன்.