கூரை ஒருவருக்கு, கரண்ட் பில் இன்னொருவருக்கு: வாடகை வீடுகளில் சூரிய மின்சாரம் பற்றிய எங்கள் நிலைப்பாடு

வாடகை வீட்டில் கரண்ட் பில் கட்டுபவர் ஒருவர். சோலார் தகடு வைக்கத் தோதான மொட்டை மாடி இன்னொருவருடையது. வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரத்துக்கான திட்டங்களும் மானியங்களும் விளம்பரங்களும் இந்த இருவரையும் ஒரே ஆளாக நினைத்துக்கொண்டே வருகின்றன. சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் இந்த நினைப்புக்குள் அடங்காத குடும்பங்கள் ஏராளம். வீட்டுக்காரர்களும் வாடகைக்குக் குடியிருப்போரும் சேர்ந்தே உறுப்பினர்களாக உள்ள நுகர்வோர் சங்கம் எங்களுடையது. இரு தரப்பின் நியாயத்தையும் எடைபோட்டு நாங்கள் எடுத்திருக்கும் நிலைப்பாட்டை இங்கே வெளியிடுகிறோம்.

அதன் சாரம் இவ்வளவுதான். சோலாரால் மிச்சமாகும் பணம் முதல் போட்டவருக்கும் பில் கட்டுபவருக்கும் பங்காக வேண்டும். அந்தப் பங்கு வாடகை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். அதற்கு முன்பு ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி மீட்டர் இருக்க வேண்டும். கொஞ்சமாக மின்சாரம் செலவழிக்கும் குடும்பத்துக்குச் சோலாரைவிடச் சிக்கனமே முதல் வழி.

சிக்கல் எங்கே இருக்கிறது

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளைக் குறிவைக்கிறது. முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் மொத்தம் 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம்தான். ஆனால் தகுதிப் பட்டியல் கேட்பது, தகடு வைக்க ஏற்ற கூரையுடன் சொந்த வீடு.

அந்தச் சொந்தக்காரர் அதே வீட்டில் குடியிருக்காவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. கரண்ட் பில் அவர் கையைக் கடிப்பதில்லை. மானியம் போக அறுபது எழுபதாயிரம் ரூபாயைக் கூரையில் போட்டால் மிச்சமாவது குடியிருப்பவரின் பணம். அவர் எதற்காகப் போடுவார்? குடியிருப்பவருக்கோ பதினோரு மாத ஒப்பந்தம். அடுத்த ஆண்டு இதே வீட்டில் இருப்போமா என்பதே உறுதியில்லாதபோது, இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் தகட்டை அவர் எப்படி வாங்குவார்? இருவருமே புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொள்கிறார்கள். ஆனாலும் கூரை வெறுமனே காய்கிறது. இதில் யாரையும் குறைசொல்லிப் பயனில்லை. கணக்கைத்தான் திருத்தி எழுத வேண்டும்.

முதலில் மீட்டர்

ஒரே இணைப்பு, கீழே மேலே மூன்று போர்ஷன், உள்ளே சப் மீட்டர், யூனிட்டுக்கு எட்டோ பத்தோ ரூபாய் என்று வசூல்: பல தெருக்களில் இதுதான் நடைமுறை. வீட்டுக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று குடியிருப்பவர் நினைக்கிறார். சில இடங்களில் அது உண்மை. எல்லா இடத்திலும் உண்மை என்று சொல்ல முடியாது.

காரணம் கட்டண அடுக்கு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்கு இரண்டு ரூபாய்ச் சொச்சம்தான். 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். தாண்டிய யூனிட்டுகளுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். 1,000-ஐத் தாண்டினால் பதினோரு ரூபாய்க்கு மேல். மூன்று குடும்பங்கள் தலா 200 யூனிட் செலவழிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தனித்தனி இணைப்பு இருந்தால் மூவரும் சேர்ந்து கட்டுவது 750 ரூபாயைத் தாண்டாது. ஒரே இணைப்பில் 600 யூனிட்டாக அது ஏறும்போது பில் 2,700 ரூபாய்க்கு மேல் போகிறது. மூன்று குடும்பங்களுக்குச் சேர வேண்டிய 300 இலவச யூனிட்டில் 200 யாருக்கும் கிடைக்காமல் போகிறது.

எனவே, தனிக்குடித்தனம் நடக்கும் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்பு வேண்டும் என்பதே எங்கள் முதல் கோரிக்கை. அது வரும்வரை சப் மீட்டர் உள்ள வீடுகளில் மின்வாரிய பில்லின் நகலைக் குடியிருப்போர் பார்க்கும்படி வைக்க வேண்டும். அந்த பில்லை யூனிட் விகிதப்படி மட்டுமே பிரிக்க வேண்டும். கரண்ட் பில்லில் லாபம் வைத்து வசூலிப்பதை நாங்கள் ஏற்கவில்லை.

சோலாருக்கு முன் சிக்கனம்

இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் குடும்பத்துக்கு வரும் பில்லே இருநூற்றுச் சொச்சம்தான். அந்தக் குடும்பத்திடம் சோலார் விற்பது நியாயமில்லை. 400, 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளில்தான் தகடு பணத்தைத் திருப்பித் தரத் தொடங்குகிறது. அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது தலைக்கு மேல் சுற்றும் ஃபேன்.

பழைய சீலிங் ஃபேன் ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன் 30 வாட் வாக்கில். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் மூன்று ஃபேன்களை மாற்றினால் இரண்டு மாதத்தில் 97 யூனிட் குறையும். 560 யூனிட் செலவழித்த வீடு 463-க்கு இறங்கும். 500 என்ற கோட்டுக்குக் கீழே வந்துவிடுவதால், பில்லில் 900 ரூபாய்க்கு மேல் குறையும். ஃபேன் ஒன்று மூவாயிரம் ரூபாய் என்றாலும், மழைக்காலத்தில் குறைவாக ஓடுவதையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு இரண்டரை ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். பழைய ஃபேனைப் பத்திரமாக வைத்திருந்து திரும்ப மாட்டிக்கொடுத்தால் வீட்டுக்காரருக்கும் மனக்குறை இருக்காது. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். வாங்குபவர் அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

ஏசியை 18-இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்ளும் பழக்கத்தை விட்டு, 24-இல் வைத்து ஃபேனையும் ஓடவிடுவது இன்னொரு வழி. ஒரு டிகிரி கூட்டினால் ஏசியின் மின்செலவில் சுமார் 6 சதவீதம் குறையும் என்கிறது மத்திய எரிசக்தித் திறன் செயலகம். இவை குடியிருப்பவர் கையில் உள்ளவை.

வீட்டுக்காரர் கையில் உள்ளது கூரை. மேல்மாடி போர்ஷனில் பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவு முழுக்க அதைக் கக்குகிறது. மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பதை, வீட்டுக்கு வெள்ளையடிப்பதைப் போலவே, உரிமையாளரின் வழக்கமான பராமரிப்பாகக் கருத வேண்டும் என்பது எங்கள் நிலை. மாடிப்படி, வாசல், மோட்டார் அறை விளக்குகளை எல்இடியாக மாற்றுவதும், பழுதான வயரிங்கையும் எர்த்தையும் சரிசெய்வதும் அவர் பொறுப்பே. குறைந்த செலவு பிடிக்கும் இந்த வேலைகளைத் தள்ளிப்போட வாடகைக்காரர் போய்விடுவார் என்பதைச் சாக்காகச் சொல்லக் கூடாது. கூரை வீட்டோடுதான் இருக்கப்போகிறது.

கூரைத் தகட்டின் பலனைப் பங்கிடுவது

தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் தகடு சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். நிழல் விழாத 100 சதுர அடி இடம் கேட்கும். அப்படியானால் 2 கிலோவாட் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 480 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் செலவழிக்கும் ஒரு குடித்தனத்தின் இணைப்பில் அதைச் சேர்த்தால், மின்வாரியக் கட்டணங்கள் போக மூவாயிரம் ரூபாய் வாக்கில் மிச்சமாகும். அமைக்க ஒன்றேகால் லட்சம் ஆகிறது, 60,000 மானியம் வருகிறது என்றால் வீட்டுக்காரர் கைப்பணம் 65,000.

நாங்கள் முன்வைக்கும் பங்கு இது. போட்ட கைப்பணம் திரும்பும்வரை, மிச்சமாகும் தொகையில் மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்காரருக்கு, ஒரு பங்கு குடியிருப்பவருக்கு. மேலே சொன்ன கணக்கில் ஐந்தரை ஆண்டில் பணம் திரும்பிவிடும். அதன்பின் பங்கு தலைகீழாக வேண்டும்: இரண்டு பங்கு குடியிருப்பவருக்கு, ஒரு பங்கு வீட்டுக்காரருக்கு. குடியிருப்பவர் முதல் நாளிலிருந்தே பயனடைகிறார். வீட்டுக்காரரின் பணமும் முடங்குவதில்லை. இடையில் ஒருவர் காலிசெய்தாலும் அடுத்து வருபவர் அதே ஷரத்தில் தொடரலாம்.

இதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்குகிறது. வீட்டை மேம்படுத்த உரிமையாளர் செய்யும் செலவுக்கு, வேலை தொடங்கும் முன்பே எழுதிக்கொண்ட உடன்பாட்டின்படி வாடகை கூட்டவும் அது இடம் தருகிறது. சோலார் பங்கை அந்த வழியிலேயே எழுதிக்கொள்ளலாம். ஆனால் பங்கை வாடகையோடு கலந்துவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறோம். வாடகையில் கலந்த தொகை அடுத்த உயர்வுக்கு அடித்தளமாகிவிடும். பணம் திரும்பிய பிறகும் இறங்காது. பில்லை ஒட்டித் தனி வரியாக நின்றால்தான் அதற்கு ஒரு முடிவு உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தகடு தந்ததையும் வீடு செலவழித்ததையும் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டரில் மிகுந்த யூனிட்டுகள் நிதியாண்டு முடியும்வரை அந்த இணைப்பின் கணக்கில் நிற்கும். டிசம்பரில் காலிசெய்பவர் அதுவரை சேர்ந்ததை விட்டுவிட்டுப் போக நேரிடும். காலிசெய்யும் நாளில் மீட்டர் படித்து, மிகுந்த யூனிட்டுக்கு உரியதை அட்வான்ஸோடு சேர்த்துக் கணக்குத் தீர்ப்பதே முறை.

கூரையே கிடைக்காதவர்கள்

அடுக்குமாடியின் நான்காவது தளத்தில் வாடகைக்கு இருப்பவருக்கு மேற்சொன்ன எதுவும் பொருந்தாமல் போகலாம். அவருக்கு இரண்டு வழிகள் திறக்கப்பட வேண்டும்.

முதல் வழி, வேறெங்கோ உள்ள பொதுக் கூரைத் தகட்டில் ஒரு பங்கை வாங்கி, அதன் மின்சாரத்தைத் தன் பில்லில் கழித்துக்கொள்வது. டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இதற்கான வழிகாட்டு நெறிகளை 2019-இலேயே வகுத்தது. தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு வாடகைதாரருக்கும் எட்ட வேண்டும். அந்தப் பங்கு கட்டடத்தோடு கட்டுண்டு கிடக்காமல், அவர் வீடு மாறும்போது புது இணைப்புக்கு மாற வேண்டும்.

இரண்டாவது, பால்கனியில் வைக்கும் சிறு தகடு. ஜெர்மனி 2024-இல் 800 வாட் வரையிலான பால்கனித் தகடுகளுக்கான நடைமுறையை எளிதாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில், தக்க காரணமின்றி வீட்டுக்காரர் மறுக்க முடியாதபடி சட்டத்தையும் திருத்தியது. இங்கும் அப்படியொரு தர நிர்ணயம் வேண்டும். அது வரும்வரை, வீட்டுச் சுவிட்ச் போர்டில் நேரடியாகச் செருகும் தகடுகளை வாங்க வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வெளியே மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிர் இதில் அடங்கியிருக்கிறது.

மின்வாரியக் கம்பியோடு சேராமல் பேட்டரியை மட்டும் சார்ஜ் செய்யும் சிறு அமைப்புக்குத் தடையில்லை. 200 வாட் தகடு ஒன்று ஒரு பிஎல்டிசி ஃபேனையும் இரண்டு மூன்று எல்இடி விளக்குகளையும் தாராளமாகத் தாங்கும். ஆனால் பேட்டரி விலையைப் பார்த்தால் இதில் பண மிச்சம் குறைவு. மின்வெட்டைச் சமாளிக்க என்றால் வாங்கலாம். துளையிடாத ஸ்டாண்டு என்றாலும் காற்றுக்குத் தாங்கும்படி எடையும் கட்டும் இருக்க வேண்டும். 2016-இல் வர்தா புயலைக் கண்ட சென்னைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் ஏற்காதவை

சோலார் இருக்கிறது என்று மட்டும் சொல்லி, பில்லைக் காட்டாமல் வாடகையை ஏற்றுவது. மானியத்தில் வந்த தொகையையும் கைப்பணமாகக் கணக்கில் காட்டுவது. தகடு போட்ட கையோடு குடியிருப்பவரைக் காலிசெய்யச் சொல்வது. அதேபோல, அனுமதி கேட்காமல் சுவரிலோ தளத்திலோ துளையிடுவதையும், வீட்டுக்காரர் விரும்பாதபோதும் எல்லாக் கூரையிலும் தகடு கட்டாயம் என்று சட்டம் போடுவதையும் நாங்கள் ஆதரிக்கவில்லை. மாடியில் துணி காய்கிறது, வடாம் காய்கிறது. நாளை ஒரு தளம் எழுப்பும் எண்ணமும் சிலருக்கு இருக்கும். சம்மதத்தோடு வரும் தகடுதான் நிலைக்கும்.

கோரிக்கைகள்

தமிழக அரசு வாடகை ஒப்பந்த மாதிரியில் சோலார் ஷரத்தைச் சேர்க்க வேண்டும். மின்வாரியம் தனிக்குடித்தனங்களுக்கான தனி இணைப்பை விரைந்து தர வேண்டும். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பங்குக் கூரைத் திட்டத்தை வாடகைதாரருக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும்; பால்கனித் தகடுகளுக்குப் பாதுகாப்புத் தரத்தை மத்திய அரசு வகுக்க வேண்டும்.

அரசாணைக்குக் காத்திராமல் இன்றே எழுதிக்கொள்ள, எங்கள் உறுப்பினர்களுக்குப் பரிந்துரைக்கும் மாதிரி ஷரத்து:

"மேற்படி வீட்டின் மொட்டை மாடியில் உரிமையாளர் தம் செலவில் அமைத்துள்ள சூரிய மின் அமைப்பால் ஒவ்வொரு பில்லிலும் மிச்சமாகும் தொகையில், மானியம் நீங்கலான செலவு ஈடாகும்வரை மூன்றில் இரண்டு பங்கை வாடகைதாரர் உரிமையாளருக்குத் தனியே செலுத்துவார், ஈடான பின் மூன்றில் ஒரு பங்கைச் செலுத்துவார். இத்தொகை வாடகையின் பகுதியாகாது. தகட்டைத் துடைப்பது வாடகைதாரர் பொறுப்பு. பழுது பார்ப்பது உரிமையாளர் பொறுப்பு. காலிசெய்யும் நாளில் மீட்டர் கணக்குப் பார்த்து அட்வான்ஸோடு நேர்செய்யப்படும்."